ஆமைக்குக் கால்சியம்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். "அண்ணா, ஆமைக்குக் கால்சியம் இருக்கா?" என்று வருபவர்களுக்கு உடனே டப்பாவை எடுத்துக் கொடுப்பதில்லை. என்ன சாப்பாடு போடுகிறீர்கள், வெயில் படுகிறதா, தண்ணீரை விட்டு ஏறி உட்கார இடம் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் போவேன். சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் இதில் ஒன்று சரியில்லை என்றாலும், நான் விற்கிற பொடி தொட்டித் தண்ணீரை வெள்ளையாக்குவதோடு சரி, ஓட்டில் போய்ச் சேராது.

இங்கே சொல்வதெல்லாம் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும் ஆமைக்கு. ரெட் இயர்டு ஸ்லைடர் என்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக வாங்கி வருகிறீர்கள், பெண்ணாக இருந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். இருபது முப்பது வருஷம் வாழும். நட்சத்திர ஆமை, கிணற்றில் கிடைத்த ஆமை என்று யாராவது நம் ஊர் ஆமையைக் கொண்டுவந்து கால்சியம் கேட்டால் கொடுக்க மாட்டேன். அவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

ஆமையின் ஓடு தனியாக மாட்டிய கவசம் கிடையாது. முதுகெலும்பும் விலா எலும்பும் விரிந்து ஒட்டி உருவானது, மேலே நகம் போன்ற தகடுகள். ஆக, வளர்கிற ஆமை உடம்பு முழுக்க எலும்பு கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கால்சியம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது பாஸ்பரஸ் கணக்கு. சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருக்க வேண்டும், குறைந்தது ஒன்றரைப் பங்காவது. பாஸ்பரஸ் ஏறிக் கால்சியம் இறங்கினால், ரத்தத்தில் குறைகிற கால்சியத்தை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுக்க ஆரம்பிக்கும். 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் பத்தை ஒட்டித்தான். "நல்லா கறி போடுறேன் அண்ணா, ஆனாலும் ஓடு மெத்து மெத்துன்னு இருக்கு" என்பவர்களுக்குப் பதில் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எலும்பில்லாத கறித்துண்டு, ஈரல், ஓடு உரித்த இறால் எல்லாம் இதே கதைதான்.

காய்ந்த இறால் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கடையில் அதிகம் விற்பது அதுதான், ஆமைகள் அதற்கு உயிரை விடும். ஆனால் அதுவே முழுச் சாப்பாடு ஆகக் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை தின்பண்டமாகப் போதும். முக்கியச் சாப்பாடு ஆமைக்கென்றே செய்த பெல்லட், அதாவது காய்ந்த உருண்டைத் தீனி. டப்பாவின் பின்பக்கம் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். போடவில்லை என்றால் வேறு டப்பா எடுங்கள். மீனுக்கான உணவை ஆமைக்குப் போட்டு ஓட்டுவதும் வேண்டாம்.

பெரிதாக ஆக ஆமை இலை தழை பக்கம் திரும்பும். அப்போது எல்லோரும் முதலில் போடுவது பாலக்கீரை. அதிலும் தண்டுக்கீரை, சிறுகீரை வகைகளிலும் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எப்போதாவது போட்டால் தப்பில்லை, தினமும் வேண்டாம். முள்ளங்கி இலை நல்லது. காய்கறிக் கடையில் ஒடித்துப் போடுவதைக் கேட்டு வாங்கினால் காசும் கிடையாது. மல்பெரி இலை கிடைத்தால் இன்னும் நல்லது. மாட்டுக்கு வளர்க்கிற அசோலாவை ஒரு கைப்பிடி வாங்கிவந்து தனித் தொட்டியில் விட்டால் அதுவாகப் பெருகும், ஆமை மேய்ந்துகொள்ளும்.

அடுத்தது வெயில். கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் இருக்கிற யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் ஆமையின் உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் சுடும், ஆனால் அதில் யூவிபி இருக்காது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். எனவே "தொட்டி ஜன்னல் ஓரம்தான் இருக்கு" என்பது பதில் ஆகாது.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா? காலை எட்டரை ஒன்பது மணிவாக்கில் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஏறி உட்கார ஒரு செங்கல் வைத்து, பாதி டப்புக்கு நிழல் விழும்படி ஒரு பலகையைச் சாய்த்துவிடுங்கள். இருபது முப்பது நிமிஷம், வாரத்தில் நாலைந்து நாள் போதும். விடிந்ததும் வருகிற இளவெயில் இதமாக இருக்கும், யூவிபி அதில் மிகக் குறைவு. உச்சி வெயிலில் ஆமை வெந்துவிடும். குறைந்த தண்ணீர் சீக்கிரம் கொதிநிலைக்குப் போகிற மாதிரி சூடாகும் என்பதால் நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்கவே கூடாது. காகத்துக்கும் பூனைக்கும் மேலே கம்பி வலை போடுங்கள், கண் பெரிதாக இருக்கும் வலையாகப் பாருங்கள். கொசுவலை மாதிரி நெருக்கமானது கதிரில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும்.

வெயிலே படாத வீடு என்றால் ஊர்வனவற்றுக்கான யூவிபி டியூப் வேண்டும். ஆமை ஏறி உட்காரும் இடத்திலிருந்து 25, 30 சென்டிமீட்டர் உயரத்தில், நடுவில் கண்ணாடியோ அக்ரிலிக் மூடியோ இல்லாமல், பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் உள்ளே யூவிபி தீர்ந்துவிடும், தயாரிப்பாளர் சொன்னபடி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: "யூவி லைட்" என்று கேட்டால் சில கடைகளில் மீன்தொட்டித் தண்ணீரில் கிருமி கொல்கிற யூவிசி விளக்கைக் கொடுத்துவிடுவார்கள். அது ஆமையின் கண்ணையும் கெடுக்கும், உங்கள் கண்ணையும் கெடுக்கும். பெட்டியில் யூவிபி என்று இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படித்து வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் இப்போது கால்சியம் வாங்கலாம்.

நான் முதலில் எடுத்துக் கொடுப்பது கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். பொடியாக வேண்டாம், முழுசாகக் கேளுங்கள். பறவைக் கடையில் கூண்டில் மாட்டும் கம்பியோடு வரும், கம்பியைக் கழற்றிவிட வேண்டும். காசிமேட்டுப் பக்கம் போகிறவர்கள் கணவாய் வெட்டுகிற இடத்தில் கேட்டால் சும்மாவே கிடைக்கும், என்ன, வாசம்தான் தாங்காது. அப்படிப் பச்சையாகக் கொண்டுவந்தால் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிட்டு, நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள், தினம் தண்ணீர் மாற்றுங்கள். உப்புப் போனதும் ஒரு கொதி விட்டு, மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து எடுத்துவையுங்கள்.

கணவாய் ஓட்டை ஒரு முறை கையில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நகத்தால் கீறினாலே பொடி உதிரும், வெள்ளைவெளேரென்று மெத்தென்று இருக்கும். மறுபக்கம் மெல்லிய, கெட்டியான தகடு, விளிம்பில் கண்ணாடி மாதிரி ஒடியும். ஆமைக்கு வேண்டியது மெத்தென்ற பக்கம். தகட்டின் கீழே கத்தி முனையை விட்டு நெம்பினால் பட்டை பட்டையாக வந்துவிடும், அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒடிந்த கூர் வாயில் குத்தும். மிச்சத்தை இரண்டு விரல் அகலத் துண்டாக ஒடித்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அவ்வளவுதான். வேண்டும்போது ஆமை வந்து கடித்துக்கொள்ளும். பல வாரம் திரும்பியே பார்க்காத ஆமை திடீரென்று ஒரே நாளில் பாதியைத் தின்றுவிடுவதும் உண்டு. திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். பாசி படிந்து வழுவழுப்பானால் மட்டும் மாற்றுங்கள். உதிர்கிற தூள் ஃபில்டர் பஞ்சில் அடையும், வழக்கத்தை விட ஒரு தடவை கூடுதலாகப் பஞ்சை அலச வேண்டியிருக்கும்.

அடுத்தது பொடி. பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் கார்பனேட் பொடி என்று பார்த்து வாங்குங்கள். வீட்டிலேயே முட்டை ஓட்டிலும் செய்யலாம், முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட்தான். ஓட்டைக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை உரித்து, பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, காயவைத்து, வாணலியில் இளந்தீயில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் அரைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் கோலமாவு மாதிரி நைசாக இருக்க வேண்டும். நெறுநெறுவென்று இருந்தால் மறுபடி ஒரு சுற்று.

கடைகளில் ஆமை வடிவத்தில் வெள்ளைக் கட்டி ஒன்று விற்பார்கள், நானும் விற்கிறேன். தண்ணீரில் போட்டால் மெல்லக் கரையும். கெடுதல் இல்லை, ஆனால் ஆமை அதைக் கடித்துத் தின்பது அபூர்வம். கேட்டால்தான் கொடுப்பேன், நானாகச் சொல்ல மாட்டேன். "எங்க வீட்டு போர் தண்ணி ஒரே சுண்ணாம்பு, அதுவே போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. அந்தத் தண்ணீர் ஓட்டின் மேல் வெள்ளைத் திட்டாகப் படியும், பார்த்துவிட்டு ஓடு அழுகுகிறது என்று பயந்து ஓடி வருவீர்கள். மெத்தென்ற பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். உப்புக்கறை என்றால் அடியில் ஓடு கெட்டியாக இருக்கும். குழி விழுந்திருந்தாலோ நாற்றம் வந்தாலோ அது வேறு சமாச்சாரம், மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி நிஜமான வேலை: பொடியை ஆமையின் வாய்க்குள் கொண்டுபோவது. தரையில் வாழ்கிற ஆமைக்குக் கீரையில் தூவிவிட்டால் முடிந்தது. நம் ஆமை தண்ணீருக்குள் வைத்துத்தான் விழுங்கும், தூவியதெல்லாம் தண்ணீரில் போய்விடும். அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வேளைக்கான பெல்லட்டை மூடியில் எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒரு சிட்டிகை பொடியைப் போட்டுப் புரட்டி, பத்து நிமிஷம் விட்டுவையுங்கள். பெல்லட் ஈரத்தை இழுக்கும்போது பொடியும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தொட்டியில் கொட்டாமல், தனி டப்பில் ஆமையை விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். வாயருகே போட்டதும் கவ்வுகிற ஆமைக்கு இது போதும். மண்புழுவோ ஓட்டோடு இருக்கும் சின்ன இறாலோ போடுகிறீர்கள் என்றால் நடுவில் கீறி உள்ளே பொடியை அடைத்தும் கொடுக்கலாம்.

நிதானமாகச் செய்வதற்கு நான் சொல்வது கட்டி உணவு. வெளிநாட்டுக்காரர்கள் ஜெலட்டின் போட்டுச் செய்வார்கள். சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே முப்பது டிகிரியைத் தாண்டும், ஜெலட்டின் அதில் இளகிக் கொழகொழத்துவிடும். நம் மளிகைக் கடை சைனா கிராஸ் ஒரு முறை உறைந்தால் எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும், அதனால் நமக்கு அதுதான். 50 கிராம் பெல்லட்டை 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்து மசித்துக்கொள்ளுங்கள். முள்ளங்கி இலையோ வேறு நல்ல இலையோ ஒரு கைப்பிடி, தோல் முள்ளோடு வேகவைத்த சின்ன மீன் 50 கிராம், இரண்டையும் அரைத்து அதோடு சேருங்கள். மீனில் உப்புக் கூடாது, கருவாடு கூடவே கூடாது. 10 கிராம் சைனா கிராஸை 250 மில்லி தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சி இறக்குங்கள். ஒன்றிரண்டு நிமிஷம் ஆறவிட்டு, அரைத்ததையும் அரை டீஸ்பூன் கால்சியம் பொடியையும் கொட்டிச் சுறுசுறுப்பாகக் கலக்குங்கள். ரொம்ப ஆறவிட்டால் கரண்டியிலேயே உறைந்துவிடும். எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் கெட்டியாகும். ஆமையின் தலை அளவுக்குத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, ஒரு வேளைக்கு ஒரு துண்டாக வெளியே எடுத்துக் குளிர் விட்டதும் போடுங்கள். பொடி கட்டிக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் தண்ணீரில் கரைந்து போகாது. தொட்டியைத் தொட்ட கையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள், ஆமை மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? வெயிலும் நல்ல பெல்லட்டும் கிடைக்கிற வளர்ந்த ஆமைக்குக் கணவாய் ஓடு மிதந்தால் போதும், பொடி தேவையே இல்லை. குட்டிக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, ஒரு சிட்டிகை. டி3 சேர்த்த பொடியா, சேர்க்காததா என்று குழம்ப வேண்டாம்: வெயில் படுகிறதென்றால் சேர்க்காதது. தேவைக்கு மேல் டி3 போனால் உடம்பு அதை வெளியேற்றாது, சேர்த்துவைத்துக்கொள்ளும், பிறகு சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் கால்சியம் படியும். வெயிலுக்கும் வழியில்லை, டியூபும் இல்லை என்றால் ஊர்வனவற்றுக்கான டி3 பொடியை டப்பாவில் சொன்ன அளவுக்கு மிஞ்சாமல் போடலாம், ஆனால் அதை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் சாப்பிடுகிற கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். அதில் பெரும்பாலும் டி3 சேர்ந்தே இருக்கும், மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று பாலில் கலந்து குடிக்கிற 60,000 யூனிட் டி3 பாக்கெட்டை ஆமைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மாட்டுத் தீவனக் கடை டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) பொடியும் சரிப்படாது, அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே வருகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துவிடச் சொல்கிற பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அது காரம், வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். கரும்பலகை சாக்பீஸ், பவளத் துண்டு இரண்டும் வேண்டாம். பவளத்தை வாங்குவது விற்பது சட்டப்படியும் குற்றம்.

ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். ஆமையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். குட்டிக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது இயல்பு. வளர்ந்த ஆமைக்கு வளையக் கூடாது. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருப்பது, ஏறி உட்காரும் இடத்தில் ஏற முடியாமல் பின்கால் வழுக்குவது, கை கால் வெடவெடப்பது, பெல்லட்டைக் கடித்துவிட்டுத் துப்புவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் என் கடைக்கு வராதீர்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கேயோ ஊர்வன பார்க்கிற வேறு மருத்துவரிடமோ போங்கள். எக்ஸ்ரே எடுத்து, தேவையென்றால் ஊசி போடுவார்கள். அந்த நிலையில் பொடி வேலை செய்யும்வரை ஆமை காத்திருக்காது. மெல்லிய, கண்ணாடித்தாள் மாதிரித் தகடுகள் உரிந்து மிதந்தால் மட்டும் பயம் வேண்டாம், வளர்கிற ஆமை சட்டை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

பெண் ஆமை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. வளர்ந்த ஆமைக்கு முன்கால் நகம் குட்டையாக, வால் சின்னதாக இருந்தால் பெண். ஆண் துணையே இல்லாமல்கூட முட்டை கட்டும், அந்த ஓட்டுக்கான கால்சியமும் அதன் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். அந்தச் சமயத்தில் கணவாய் ஓட்டை வெறிகொண்டு தின்னும், தின்னட்டும், தீரத் தீரப் போடுங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டுத் தொட்டிக்குள் ஓயாமல் சுற்றி, பின்காலால் கண்ணாடியைச் சுரண்டினால் முட்டையிட இடம் தேடுகிறது. அதன் ஓட்டின் நீளத்துக்குக் குறையாத ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய டப்பில், யாரும் எட்டிப்பார்க்காத மூலையில் விடுங்கள். பல நாள் ஆகியும் முட்டை வரவில்லை, சோர்ந்துபோய்க் கிடக்கிறது என்றால் முட்டை உள்ளேயே சிக்கியிருக்கலாம், கால்சியம் பற்றாத ஆமைக்கு அந்த ஆபத்து அதிகம். அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்ட முட்டையை உடனே அள்ளிவிடுங்கள், உடைந்தால் தண்ணீர் ஒரு ராத்திரியில் நாறிவிடும்.